பொன்னி நாட்டில் பேசும் படம் – 9: தரை டிக்கெட்டுக்கு முதல் ஓசை

கும்பகோணம் பாலாமணி அம்மாளின் நாடகக் குழுவைப் பற்றிச் சென்ற இதழில் பார்த்தோம். அவருடைய நாடகத்துக்கென்றே சிறப்பு ரயில்கள் ஓடின. ‘பாலாமணி ஸ்பெஷல்’ என்றே ஜனங்கள் அவற்றை அழைத்தார்கள். அப்படி வந்து குவிந்த கூட்டத்துக்கு முன்னால் நின்று நடித்தவர்களுக்கு இருந்த ஒரே ஒலிக்கருவி அவரவர் தொண்டைதான்.

நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து மேடையில் பாட்டுக்கு அத்தனை முதலிடம் கிடைத்ததற்கு ஜனங்களின் ரசனை ஒரு காரணம். ஓசை இன்னொரு காரணம். பேசுகிற வசனம் சில வரிசை தாண்டியதுமே கரைந்துபோகும். உச்சத்தில் நிறுத்திப் பாடுகிற குரல் கொட்டகையின் கடைசிக் கழி வரை போகும். நாலரைக் கட்டை, ஐந்து கட்டை என்று சுருதி ஏறியது இதனால்தான். எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் அந்தப் பரீட்சையில் தேறிப் பெரும்புகழ் பெற்றவர்கள். நல்ல ஞானமும் மெல்லிய குரலும் கொண்டவர்களுக்கு அங்கே இடமில்லை.

கேட்பவர்கள் பக்கத்திலும் ஒரு நியதி இருந்தது. மேடைக்கு அருகே மிராசுதார், வக்கீல், சர்க்கார் உத்தியோகஸ்தர். அவர்களுக்குப் பின்னால் கடைக்காரர், கணக்குப்பிள்ளை. எல்லாருக்கும் பின்னால்தான் உழைக்கிற ஜனம். கல்யாணப் பந்தல் கச்சேரியிலும் கோயில் பிராகாரத்திலும் இதே வரிசைதான். பண்ணையாள் பந்தக்காலுக்கு வெளியே நிற்பான். பாட்டு அவன் காதுக்கு வரும்போது பாதிதான் வரும். இந்த வரிசையைத் தலைகீழாகப் புரட்டியது, பேசும் படக் கொட்டகையில் திரைக்குப் பின்னால் கொண்டுவந்து வைத்த ஒலிபெருக்கி. அது பிறந்த விதத்தையும், காவிரிக் கரைக்கு வந்து சேர்ந்த விதத்தையும் இந்த இதழில் பார்ப்போம்.

அணசு சொல்லும் பாடம்

ஒலிபெருக்கியின் தத்துவம் தஞ்சை மண்ணுக்குப் புதிதல்ல. ஆடுதுறைக்கு அருகே நரசிங்கம்பேட்டையில் தலைமுறை தலைமுறையாக நாகஸ்வரம் செய்கிறார்கள். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தை வாங்கிக் கடைந்து துளையிடுவார்கள். 2022-ல் இந்த நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வாத்தியத்தின் அடியில் விரிந்த வாயாகப் பொருத்தப்படுவது அணசு.

வாயில் வைத்து ஊதும் சீவாளியில் பிறக்கிற அதிர்வு அழுத்தம் மிகுந்தது. ஆனால் அதன் பரப்பு விரல்நுனி அளவுதான். எதிரே இருப்பதோ தெரு முழுவதும் பரந்த காற்று. இவ்வளவு சிறிய பரப்பு நேரடியாக அவ்வளவு பெரிய காற்றைப் பிடித்து அசைக்க முடியாது. குழல் சிறுகச் சிறுக விரிந்து வந்தால் சிறு பரப்பின் அழுத்தம் பெரும் பரப்பின் அசைவாக மாறிவிடும். சுவாமி புறப்பாட்டில் வாசிக்கிற மல்லாரி நாலு வீதிக்கும் கேட்பதன் ரகசியம் இதுதான். சினிமாக் கொட்டகைக்காக வெளிநாட்டுப் பொறியாளர்கள் செய்த ‘ஹார்ன்’ ஒலிபெருக்கியும் இதே வேலையைத்தான் செய்தது. சீவாளியின் இடத்தில் மின்சாரத்தால் அதிரும் ஒரு மெல்லிய தகடு; அணசின் இடத்தில் ஆள் உயரத்தைத் தாண்டிய மரப்பலகைக் கொம்பு.

காற்றால் பெருக்கிய குரல்

ஊமைப்படத்தை ஊர் ஊராகக் கொண்டுபோன முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வேலை பார்த்தவர். 1905-ல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் ஏசுநாதர் வாழ்க்கைப் படத்தையும் விலைக்கு வாங்கி, கூடாரம் கட்டிப் படம் காட்டக் கிளம்பினார். பின்னர் 1914-ல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹாலைக் கட்டியவரும் அவரே. ஊமைப்படக் கொட்டகையில் ஹார்மோனியமும் தபலாவும் ஒரு பக்கம் முழங்கும். கதை சொல்லி ஒருவர் திரையருகே நின்று நடப்பதை உரக்க விளக்குவார். அங்கேயும் தொண்டைதான் ஒலிபெருக்கி.

படத்தைப் பேச வைக்கும் முயற்சி அப்போதே சென்னைக்கு வந்துவிட்டது. மவுண்ட் ரோடில் போட்டோ ஸ்டுடியோ நடத்திய ரகுபதி வெங்கையா, அந்த ஸ்டுடியோவை அடமானம் வைத்துச் சுமார் 30,000 ரூபாய்க்குக் ‘குரோனோமெகாபோன்’ என்ற கருவியைத் தருவித்தார். 1910 வாக்கில் விக்டோரியா பப்ளிக் ஹாலில் அதைக் காட்டினார். பிறகு பெங்களூர், இலங்கை, பர்மா என்று சுற்றினார்.

பிரான்சின் கோமோன் கம்பெனி செய்த கருவி அது. இசைத்தட்டும் படமும் சேர்ந்து ஓடும். தட்டின் ஊசி அசைவதைக் கொண்டு ஒரு சிறு கதவு திறந்து மூடும். அந்தக் கதவின் வழியே அழுத்தப்பட்ட காற்று பீறிட்டுப் பாயும். மின்னணுப் பெருக்கம் பிறக்காத காலத்தில் ஒரு பெரிய மண்டபத்தை நிரப்ப மனிதன் கண்டுபிடித்த வழி இது. சத்தம் வந்தது, ஆனால் காற்றின் இரைச்சலும் கூடவே வந்தது. தட்டு சில நிமிடத்தில் தீர்ந்துபோகும். ஊசி ஒரு பள்ளம் தாண்டினால் பாட்டு ஒரு பக்கம், வாயசைப்பு ஒரு பக்கம். வெங்கையா போட்ட பணம் திரும்பவில்லை. ஆனாலும் 1914-ல் சென்னையில் கெயிட்டி அரங்கைக் கட்டும் துணிவு அவருக்கு இருந்தது.

வால்வு, காந்தம், கொம்பு

காற்று செய்ய முடியாததை வால்வு செய்தது. 1906-ல் அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் மூன்று முனை வால்வைக் கண்டார். 1910-களின் தொடக்கத்தில் தொலைபேசிக் கம்பெனியின் ஆய்வாளர்கள் அதன் வெற்றிடத்தைச் செம்மையாக்கி, நம்பி உபயோகிக்கத் தக்க பெருக்கியாக மாற்றினார்கள். 1915 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன் கூடிய பெருங்கூட்டத்துக்குப் பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதாமும் ஒலிபெருக்கி வைத்துப் பேச்சையும் பாட்டையும் கேட்கச் செய்தார்கள். மேக்னவாக்ஸ் என்று அதற்குப் பெயர்.

சினிமாவுக்கு ஏற்ற ஒலிபெருக்கி 1926-ல் வந்தது. பெல் ஆய்வகத்தின் எட்வர்ட் வென்ட்டும் ஆல்பர்ட் துராஸும் அமைத்த ‘555’ என்ற கருவி அது. மெல்லிய அலுமினியத் தகடு, அதோடு ஒட்டிய கம்பிச் சுருள், சுற்றிலும் மின்காந்தம். தகட்டின் அதிர்வு ஒரு குறுகிய வாய் வழியே அழுத்தப்பட்டு, சுருண்டு வளைந்த நீண்ட கொம்புக்குள் புகும். அந்நாளைய பெருக்கிகள் பத்துப் பதினைந்து வாட்டுக்கு மேல் கொடுப்பது அரிது; பலவற்றில் அதுவும் இல்லை. அதை வைத்துக்கொண்டு ஆயிரம் பேர் உட்காரும் கொட்டகையை நிரப்ப வேண்டும். தனக்கு வரும் மின்சக்தியில் ஏறத்தாழ பாதியை இந்தக் கருவி ஒலியாக மாற்றும் என்று அதைச் செய்தவர்கள் 1928-ல் எழுதினார்கள். காகிதக் கூம்பு வைத்த சாதாரண ஸ்பீக்கரில் நூற்றுக்குச் சில பங்குதான் ஒலியாகும். மீதி சூடாகப் போய்விடும். கொம்பு இல்லாவிட்டால் அன்றைக்குப் பேசும் படம் என்ற வியாபாரமே நடந்திருக்காது.

1926 ஆகஸ்டில் வார்னர் கம்பெனி ‘டான் ஹுவான்’ படத்தை இசைத்தட்டு ஒலியோடு திரையிட்டது. 1927 அக்டோபரில் வந்த ‘தி ஜாஸ் சிங்கர்’ உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. தட்டை உடைப்பதும் கீறுவதும் எளிது. ஊருக்கு ஊர் கொண்டுபோகிற தேசத்தில் அது நிலைக்காது. பிலிமின் ஓரத்திலேயே ஒலியைக் கோடாகப் பதிக்கும் முறை வந்த பிறகுதான் நம் நாட்டுக்கு ஏற்ற வழி பிறந்தது. 1929 வாக்கில் கல்கத்தாவில் மதன் கம்பெனியின் எல்பின்ஸ்டன் அரங்கில் பேசும் படக் கருவி நிலையாகப் பொருத்தப்பட்டது. பிறகு பம்பாய், சென்னை.

கருவி விற்றவர்களில் பெரியவர்கள் இருவர்: வெஸ்டர்ன் எலக்ட்ரிக், ஆர்.சி.ஏ. போட்டோபோன். அவர்கள் சாமான்கள் விலை அதிகம். பராமரிப்புச் செலவு வேறு. தலைநகரத்து அரங்குகள் தாங்கும்; மாயவரத்திலும் மன்னார்குடியிலும் கொட்டகை போட நினைத்தவர்களுக்கு அது பெரிய சுமை. ஆகவே மலிவான கருவிகளும், இரண்டாம் கை சாமான்களும், ஊமைப்பட புரொஜெக்டரில் ‘சவுண்ட் ஹெட்’டை மட்டும் சேர்த்துக் கட்டுகிற யுக்தியும் எங்கும் பரவின.

திருவையாற்றுப் பெண்ணின் குரல்

1931 மார்ச் 14-ல் பம்பாய் மெஜஸ்டிக் அரங்கில் அர்தேஷிர் இரானியின் ‘ஆலம் ஆரா’ வெளியானது. ஸ்டுடியோ ரயில் பாதைக்கு அருகில் இருந்ததால் ரயில் ஓசை அடங்கிய நடுநிசிக்குப் பிறகுதான் படப்பிடிப்பு. அதே ஆண்டு அக்டோபர் 31-ல், அதே இரானியின் இம்பீரியல் கம்பெனி தயாரித்து எச்.எம். ரெட்டி இயக்கிய ‘காளிதாஸ்’ சென்னை கினிமா சென்ட்ரலில் திரையேறியது. பிற்காலத்தில் முருகன் டாக்கீஸ் என்று பெயர் மாறியது அந்த அரங்கம்தான்.

தமிழ் பேசிய முதல் திரைக்குரல் நம்மூர்க் குரல். கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி 1911-ல் திருவையாற்றில் பிறந்தவர். சிறு வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து, கடைசி வரிசைக்குப் பாடுகிற கடும் பயிற்சியில் வளர்ந்தவர். படத்தில் நாயகன் தெலுங்கில் பேச, அவர் தமிழில் பதில் சொன்னார். ஜனங்கள் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. தியாகராஜர் கீர்த்தனைகளும் தேசியப் பாட்டும் படத்தில் இடம்பெற்றன. காவிரிக் கரையில் தியாகராஜர் பாடிய திருவையாற்றில் பிறந்த பெண், அவர் கீர்த்தனையைத் திரை வழியாகப் பாடினார். பின்னர் 1936-ல் ‘மிஸ் கமலா’வை எழுதி இயக்கித் தமிழின் முதல் பெண் இயக்குநரும் ஆனார்.

அவருக்குப் பின்னால் தஞ்சை ஜில்லாவே திரைக்குப் பெயர்ந்தது என்று சொல்லலாம். 1934-ல் ‘பவளக்கொடி’ எடுத்த கே. சுப்பிரமணியம் பாபநாசத்துக்காரர். அதில் நாயகனாக அறிமுகமான எம்.கே. தியாகராஜ பாகவதர் மாயவரத்தில் பிறந்தவர். பாட்டும் மெட்டும் தந்த பாபநாசம் சிவன் போலகத்தில் பிறந்தவர். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையே 1940-ல் எல்லிஸ் டங்கன் இயக்கிய ‘காளமேக’த்தில் நடித்தார். ‘பவளக்கொடி’ வந்த அதே 1934-ல் சென்னையில் முதல் ஒலிப்பட ஸ்டுடியோவை அமைத்த ஏ. நாராயணனின் துணைவியார் மீனாட்சி, ‘சீனிவாச கல்யாணம்’ படத்துக்கு ஒலிப்பதிவு செய்தார். இந்தியாவில் ஒலிப்பதிவுப் பொறுப்பை ஏற்ற முதல் பெண் அவர் என்று கருதப்படுகிறது. பேசும் படக் கதையில் நடிகர்களுக்குக் கிடைத்த வெளிச்சம் இந்த அம்மையாருக்குக் கிடைக்கவில்லை; கிடைத்திருக்க வேண்டும்.

1935-ல் மட்டும் முப்பதுக்கு மேற்பட்ட தமிழ்ப் படங்கள் வந்தன. படம் தயார், கேட்க ஜனம் தயார். கருவி ஓட மின்சாரம் வேண்டுமே?

தண்ணீர் தந்த அணை, கரண்டும் தந்தது

1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிந்தது. குறுவைக்கும் சம்பாவுக்கும் தண்ணீர் தேக்கவே அது கட்டப்பட்டது. 1937 முதல் அங்கே மின்சாரமும் பிறந்தது. திருச்சி, தஞ்சை ஜில்லாக்கள் வரை கம்பி நீண்டது. வயலுக்குப் பாய்ந்த அதே காவிரி கொட்டகையின் வால்வையும் எரித்தது. இதைவிடப் பொருத்தமான முகவரி டெல்டாவின் சினிமாவுக்குக் கிடையாது.

ஆனால் கம்பி முதலில் டவுனுக்குத்தான் வந்தது. திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமத்துக்கோ, கொள்ளிடக் கரை ஓரத்துக்கோ அது வர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. அங்கெல்லாம் டூரிங் டாக்கீஸை ஓட்டியது ஆயில் எஞ்சின். நெல் அரவை மில்லில் ஓடுகிற அதே வகை எஞ்சினோடு டைனமோவைப் பெல்ட் போட்டு இணைப்பார்கள். கொட்டகைக்குச் சற்றுத் தள்ளிக் குழி வெட்டி எஞ்சினை இறக்கி வைப்பதும் உண்டு. அதன் தடதடப்பு படத்தின் பேச்சை அமுக்கிவிடக் கூடாதே!

இதில் ஒரு நுட்பச் சிக்கல் உண்டு. புரொஜெக்டரின் கார்பன் விளக்குக்கு நிறைய மின்னோட்டம் வேண்டும். அதே டைனமோவில் ஆம்ப்ளிஃபையரும் தொங்கினால், கார்பன் துள்ளும்போதெல்லாம் குரல் தேயும், இரையும். எஞ்சினின் வேகம் கொஞ்சம் தளர்ந்தாலும் பாட்டின் சுருதி இறங்கும். பாகவதர் குரல் ஒரு கட்டை கீழே போனால் தஞ்சை ஜில்லாக் காது பொறுக்குமா? ‘சவுண்டு! சவுண்டு!’ என்று கொட்டகையே கத்தும். அந்தக் கூச்சலுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஆபரேட்டர்.

ஆபரேட்டர் அறையில்

பிலிம் புரொஜெக்டர் வழியே ஒரே சீராக ஓடுவதில்லை. படச் சட்டத்தின் முன்னால் வினாடிக்கு 24 முறை நின்று நின்று போகிறது; ஒவ்வொரு கட்டமும் கண நேரம் அசையாமல் நின்றால்தான் கண்ணுக்குப் படம் தெளிவாக இருக்கும். ஒலிக்கோ ஒரு கணத் தயக்கமும் ஆகாது. நதி மாதிரி வழுக்கிப் போக வேண்டும். நின்று போகிற இடத்தில் ஒலியைப் படிக்க முடியாது. ஆகவே ஒரு காட்சிக்குரிய ஒலியை அதற்கு 20 கட்டம் முன்னால் தள்ளிப் பதிப்பார்கள். அளந்தால் சுமார் 15 அங்குலம். படச் சட்டத்துக்கும் கீழே இருக்கிற சவுண்ட் ஹெட்டுக்கும் இடையில் ஆபரேட்டர் விடுகிற பிலிம் வளையம் இந்தக் கணக்குக்குச் சரியாக இருக்க வேண்டும். வளையம் பெரிதானால் கதாநாயகி வாய் மூடிய பிறகும் பாட்டு வரும்; சிறிதானால் வாய் திறக்கும் முன்பே வந்துவிடும்.

சவுண்ட் ஹெட்டுக்குள் ‘எக்ஸைட்டர் லாம்ப்’ என்ற சிறு பல்பு எரியும். அதன் ஒளி முடி போன்ற ஒரு கீற்றாக ஒடுங்கி, பிலிம் ஓரத்து ஒலிக்கோட்டில் விழும். கோட்டின் வளைவு நெளிவுக்கு ஏற்ப ஒளி கூடியும் குறைந்தும் மறுபக்கத்துப் போட்டோ செல்லில் படும். அங்கே பிறக்கும் மின்சாரம் அற்பசொற்பம். அதை ஆம்ப்ளிஃபையரின் வால்வுகள் படிப்படியாகப் பெருக்கி, நீண்ட கம்பி வழியே திரைக்குப் பின்னால் அனுப்பும்.

காட்சி தொடங்கும் முன் கைதேர்ந்த ஆபரேட்டர் செய்கிற சோதனை ஒன்று உண்டு. பிலிம் போடாமல் எக்ஸைட்டர் லாம்ப்பை எரியவிட்டு, ஒரு டிக்கெட் அட்டையை அந்த ஒளிக் கீற்றின் குறுக்கே விசிறுவார். ஒளி வெட்டுப்பட்டு வெட்டுப்பட்டுப் போட்டோ செல்லில் விழும். திரைக்குப் பின்னால் ‘டப் டப்’ என்று ஸ்பீக்கர் இடிக்கும். பல்பு, செல், வால்வு, கம்பி, கொம்பு எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன என்பதற்கு அந்த ஓசையே சாட்சி. ஒளி ஒலியாவதை அட்டையை வைத்துக்கொண்டு கண்ணாலும் காதாலும் உணர்ந்தவர்கள் அவர்கள்.

1000 அடி ரீல் ஒன்று 11 நிமிடம் ஓடும். ஒரே புரொஜெக்டர் வைத்த டூரிங் கொட்டகையில் ரீலுக்கு ரீல் இடைவேளை. அந்த நேரத்தில் லென்ஸ் துடைத்து, சவுண்ட் ஹெட்டில் படிந்த தூசியைத் தூரிகையால் தட்டி, கார்பனைத் திருகி, ஒட்டுப் போட்ட இடத்தைச் சரிபார்த்து அடுத்த ரீலை ஏற்ற வேண்டும். ஒலிக்கோட்டின் மேல் ஒட்டு தாறுமாறாக இருந்தால் ‘பட்’டென்று வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரம் ஏறிய கம்பி முனைகள் கரகரக்கும். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு நமுத்துக் குரல் கம்மும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் ஓடி அதைக் காய வைக்கிற வேலையும் ஆபரேட்டருக்குத்தான்.

கீற்றுக் கொட்டகையின் குணம்

டூரிங் டாக்கீஸ் என்றால் ஏழ்மையின் அடையாளம் என்று நினைக்கிறோம். ஒலி விஷயத்தில் அது உண்மையில்லை. நல்ல சுவர் எழுப்பித் தகரக் கூரை போட்ட அரங்கில் ஒலி முட்டி மோதித் திரும்பத் திரும்ப வரும். வசனத்தின் மெய்யெழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். தென்னங்கீற்றோ ஒலியை உள்ளே வாங்கிக்கொள்ளும். மணல் பரப்பிய தரையும், நெருக்கியடித்து உட்கார்ந்த ஜனமும் அதையேதான் செய்வார்கள். பக்கத்தில் சுவர் கிடையாது. போன ஒலி போனதுதான். பல லட்சம் செலவழித்து இன்றைய அரங்குகளில் பஞ்சும் துணியும் ஒட்டிச் சாதிக்கிற எதிரொலித் தடுப்பு, அன்றைக்குக் கீற்றிலும் மணலிலும் தானாகக் கிடைத்தது. மழை பெய்தால் தகரக் கூரையில் வசனமே கேட்காது. கீற்றில் ஓரளவு கேட்கும்.

கொட்டகைக்கு வெளியே மூங்கில் உச்சியில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் இன்னொரு அதிசயம். காட்சிக்கு முன் பக்திப் பாட்டு போடுவார்கள். பிற்காலத்தில் டெல்டாவின் சொந்தப் பிள்ளையான சீர்காழி கோவிந்தராஜனின் கணீர்க் குரல் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அது பல மைல் தாண்டிக் கேட்டது என்று பெரியவர்கள் சொல்வதில் மிகையில்லை. பொழுது சாய்ந்ததும் நீர் நிற்கிற வயல்வெளிமேல் அடிக்காற்று குளிர்ந்துவிடும். மேலே இருப்பது இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். அப்போது மேல்நோக்கிப் போகிற ஒலியும் வளைந்து தரைக்கே திரும்பும். மலையில்லை, மேடில்லை, நெல் வயல் சமதளம். கடைசி வண்டி கட்டிக்கொண்டு கிளம்பலாமா, டிக்கெட் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்களா என்பதை எந்தப் பாட்டு ஓடுகிறது என்று கேட்டே கிராமம் கணக்குப் போட்டது.

யாருக்கு முதலில் கேட்டது?

இலங்கைத் தமிழறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி ஓர் உண்மையை எடுத்துச் சொன்னார்: தமிழர் எல்லாரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து கண்டுகளித்த முதல் கலையரங்கு சினிமாக் கொட்டகை, அங்கே உட்காரும் இடத்தைப் பிறப்பு நிர்ணயிக்கவில்லை, கொடுக்கிற காசு நிர்ணயித்தது. அவர் இடத்தைப் பற்றிச் சொன்னார். ஓசையைப் பற்றியும் நாம் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நாடகத்தில் விலை கூடிய இடம் மேடைக்கு அருகே. சினிமாவில் விலை குறைந்த இடம் திரைக்கு அருகே. தரை டிக்கெட், அப்புறம் பெஞ்சு, அப்புறம் சேர், எல்லாவற்றுக்கும் பின்னால் சோபா. ஒலிபெருக்கி இருந்ததோ திரைக்குப் பின்னால். ஆகவே திருவையாற்று ராஜலட்சுமியின் குரலும் மாயவரத்துப் பாகவதரின் குரலும் முதலில் வந்து மோதியது மணலில் சம்மணமிட்டு உட்கார்ந்த உழவன் மார்பில்தான். சோபாவில் உட்கார்ந்த பண்ணையாருக்கு அது இரண்டாவதாகத்தான் போயிற்று. காது கிழிகிறது என்று தரைக்காரர் எவரும் எழுந்து போகவில்லை. பந்தக்காலுக்கு வெளியே நின்று பாதிக் கச்சேரி கேட்டவர்களுக்கு முழுப்பாட்டு கிடைத்தது. அதுவும் முழு முழக்கத்தோடு.

சாதியும் வறுமையும் கொட்டகை வாசலில் செருப்போடு கழன்று விழுந்துவிடவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். தஞ்சை ஜில்லாவில் பண்ணையாளுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்ததே 1952-ல்தான். ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே, இரண்டணாவோ மூன்றணாவோ கொடுத்தவனுக்குக் கலையை முழுசாகக் கொண்டுவந்து சேர்க்கிற ஒரு கருவி இந்த மண்ணில் வேலை செய்துகொண்டிருந்தது.

அதே 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’ வந்தது. திருக்குவளையில் பிறந்த மு. கருணாநிதியின் வசனம், தஞ்சைச் சூரக்கோட்டைக் குடும்பத்துப் பிள்ளை சிவாஜி கணேசனின் குரல். பாட்டை விட்டுப் பேச்சுக்காகவே கூட்டம் திரண்டது. நாடக மேடையில் சில வரிசைக்குள் கரைந்துபோன வசனம், கடைசி ஆள் வரை ஒவ்வோர் எழுத்தும் தெறிக்கப் போய்ச் சேர்ந்தது. அதற்கு எழுத்தும் நடிப்பும் மட்டும் போதாது. ஒலிபெருக்கியும் அந்நேரத்துக்கு வளர்ந்திருந்தது. 1936-ல் ஹாலிவுட்டில் டக்ளஸ் ஷியரர் குழுவினர் தாழ்ந்த ஒலிக்கு ஒரு கொம்பு, உயர்ந்த ஒலிக்கு இன்னொரு கொம்பு என்று பிரித்துச் செய்த அமைப்பு, அடுத்த பத்தாண்டில் உலகத்துக் கொட்டகைகளின் பொதுவழியாகிவிட்டது. வல்லின எழுத்துகளின் கூர்மை உயர்ந்த ஒலியில்தான் இருக்கிறது. அதைக் காப்பாற்றியது இந்த இரட்டைக் கொம்பு. தமிழ்நாட்டு அரசியல் வரலாறு எழுதுகிறவர்கள் வசனகர்த்தாவைக் கொண்டாடுகிறார்கள், நடிகரைக் கொண்டாடுகிறார்கள். அந்த வசனத்தைச் சேதமில்லாமல் கொண்டு சேர்த்த கொம்பையும் ஆபரேட்டரையும் ஒரு வரியிலாவது சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி.

வாசகர்களுக்கு

2010-களில் கொட்டகைகள் டிஜிட்டலுக்கு மாறியபோது, பழைய புரொஜெக்டர்களும் வால்வு ஆம்ப்ளிஃபையர்களும் மரக்கொம்புகளும் எடைக்குப் போயின. காந்தத்துக்காகவும் செம்புக் கம்பிக்காகவும் உடைக்கப்பட்டவை ஏராளம். கொட்டகைகளே கல்யாண மண்டபங்களாகிவிட்டன. நம் கோயில் செப்புத்திருமேனிக்குக் கணக்கு இருக்கிறது. சரஸ்வதி மகால் ஓலைச்சுவடிக்குக் கணக்கு இருக்கிறது. லட்சக்கணக்கான உழைப்பாளிகளுக்கு முதன்முதலாகப் பாட்டை முழுசாகக் கேட்கக் கொடுத்த கருவிகளுக்கும் கணக்கு எடுக்கப்பட வேண்டும்.

உங்கள் ஊர்ப் பழைய கொட்டகையின் பின்கட்டில் ஒரு மரக்கொம்போ, பெயர்த்தகடு ஒட்டிய ஆம்ப்ளிஃபையரோ, உடைந்த சவுண்ட் ஹெட்டோ, லைசென்ஸ் காகிதமோ கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். படம் எடுத்து வையுங்கள். அருகில் உள்ள அருங்காட்சியகத்துக்கோ கல்லூரிக்கோ சேர்ப்பியுங்கள். அதைவிட அவசரமானது ஒன்று: அவற்றை ஓட்டிய ஆபரேட்டர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை உங்கள் செல்போனிலாவது பதிவு செய்யுங்கள். கருவி போனாலும் அதை ஓட்டிய அறிவு போகக் கூடாது.

அடுத்த இதழில்: 1939 மே 16-ல் திருச்சியில் வானொலி நிலையம் திறந்தது, சினிமாக் கொட்டகைக்குப் போகாதவர்கள் வீட்டுக்கும் பாட்டு வந்து சேர்ந்த கதை.